ஈர விறகு: சிகரெட்டும் காரணம் பற்றிய ஒரு விவாதமும்

தருக்க நூல்களில் அனுமானத்துக்குத் தரப்படும் எடுத்துக்காட்டு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் நாம் கண்டதைப் போல. நியாய மரபினர் இதைச் சொல்லிச் சலித்ததே இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும்போதும் இதே மலையும் இதே அடுக்களையும் வருகின்றன. ஆனால் இந்த எடுத்துக்காட்டின் மறுபாதி நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புகையைக் கொண்டு நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பைக் கொண்டு புகையை ஊகிக்கக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை எழ வேண்டுமானால் விறகில் ஈரம் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இரண்டைச் சேர்த்து வைப்பது கண்ணில் படாத மூன்றாவது ஒன்றாக இருக்கக்கூடும். அதை நையாயிகர்கள் உபாதி என்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி இங்கிலாந்தில் எழுந்த விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஈர விறகு நினைவுக்கு வருகிறது. சிகரெட் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது எப்படித் தெரிய வந்தது, தெரிந்தது என்று சொல்ல எவ்வளவு சான்று போதுமானதாக இருந்தது என்பது வேறு கதை. அந்தக் கதையில் எதிர்த்தரப்பில் நின்றவர் அந்த நூற்றாண்டின் ஆகப்பெரிய புள்ளியியல் மேதை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 612 பேர். 1947இல் அந்த எண் 9,287. ஏறத்தாழ பதினைந்து மடங்கு. எக்ஸ்ரே வந்துவிட்டது, நோயைக் கண்டறியும் திறன் கூடிவிட்டது, அதனால்தான் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று முதலில் சிலர் சமாதானம் சொன்னார்கள். ஆனால் அந்த அளவு உயர்வை அதைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராயும் பொறுப்பை ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளரிடம் கொடுத்தது. அவருடன் சேர்ந்தவர் ரிச்சர்டு டால் என்ற இளம் மருத்துவர். சந்தேகத்துக்குரியவற்றின் பட்டியல் நீளமானது: மோட்டார் வண்டிப் புகை, சாலைகளுக்குப் போடும் தார், நிலக்கரிப் புகை, எரிவாயு ஆலைகள். டால் தாமே தாரைத்தான் அதிகம் சந்தேகித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். புகையிலை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவே. அன்றைய பிரிட்டனில் பத்து ஆண்களில் எட்டுப் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். எல்லோரும் செய்யும் ஒன்றை யாரும் காரணமாகக் காண்பதில்லை.

முறை எளிமையானது. லண்டனின் இருபது மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரும், வேறு நோய்களுக்காக அனுமதிக்கப்பட்ட, அதே வயதும் பாலினமும் கொண்ட 709 பேரும் விசாரிக்கப்பட்டார்கள். கேள்வி கேட்டவர்கள் மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்களான பெண்கள். முடிவுகள் 1950 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் ஒருபோதும் புகைக்காதவர்கள் இரண்டே பேர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஆண்களில் 27 பேர். எண்கள் சிறியவை, வேறுபாடு பெரியது. புகைத்த அளவு கூடக்கூட நோயும் கூடியது.

அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. எதிரே படுத்திருப்பவர் புற்றுநோயாளி என்று தெரிந்தால் கேள்வி கேட்பவர் தம்மை அறியாமலே புகைப்பழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்கக்கூடும் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்க அவர்கள் ஒரு வழி கண்டார்கள். நேர்காணலின்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பின்னர் அந்த நோய் இல்லை என்று தெரியவந்தவர்கள் ஒரு கணிசமான தொகுதியினர் இருந்தார்கள். கேள்வி கேட்டவரின் மனச்சாய்வுதான் முடிவைத் தந்தது என்றால் இவர்களுடைய விடைகளும் புற்றுநோயாளிகளின் விடைகளைப் போலவே இருந்திருக்க வேண்டும். அவை ஒப்பீட்டுத் தொகுதியின் விடைகளைப் போல இருந்தன. தவறான நோயறிதலே ஒரு சோதனைக் கருவியாக ஆனது. இந்த ஆய்வின் நடுவிலேயே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

இவர்கள் முதல்வர்கள் அல்லர். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவரும், எவர்ட்ஸ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரும் 684 நோயாளிகளைக் கொண்டு இதே முடிவை வெளியிட்டிருந்தார்கள். கிரஹாம், 1933இல் புற்றுநோய் கண்ட ஒரு முழு நுரையீரலை அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் மருத்துவர். நெடுநாள் புகைத்தவர். 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் அன்று பிழைக்க வைத்த நோயாளி அவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவர்களுக்கும் முன்னால் ஜெர்மனி. கொலோன் நகரில் ஃப்ரான்ஸ் ஹெர்மன் மியூல்லர் 1939இலும், யேனா நகரில் ஷைரெர், ஷோனிகர் இருவரும் 1943இலும், நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு புகைப்பழக்கத்தின் மீது விரல் நீட்டியிருந்தார்கள். யேனாவின் புகையிலை ஆய்வு நிறுவனத்துக்கு ஹிட்லரே பணம் அளித்தார். அதன் தலைவர் கார்ல் ஆஸ்டெல் இனத்தூய்மைக் கொள்கையின் தீவிர ஊழியர். 1945இல் தற்கொலை செய்துகொண்டார். போருக்குப் பின் அந்த ஆய்வுகளை யாரும் எடுத்துப் பேச விரும்பவில்லை. வெறுக்கத்தக்கவர்களின் கையிலிருந்த உண்மை அவர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் அதற்கு விலை கொடுத்திருக்கக்கூடும்.

நம் பக்கத்திலும் ஒரு முன்கதை உண்டு. அன்றைய திருவிதாங்கூரில் இருந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர்களில் வாய்ப் புற்றுநோயாளிகள் மிகுதி. அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஆர் என்பவர் 1933இல் லான்செட் இதழில் அதை வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையுடன் தொடர்புபடுத்தினார். லண்டனின் இருபது மருத்துவமனைகளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, வெற்றிலைப் பெட்டியும் புகையிலைத் துண்டும் ஒரு மருத்துவரின் குறிப்பேட்டில் ஏறிவிட்டன. புகையிலையின் வரலாற்றை எழுதுபவர்கள் நெய்யூரைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

1950ஆம் ஆண்டின் ஆய்வு மருத்துவ உலகை உடனே மாற்றிவிடவில்லை. நோய் வந்தவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்பதில் எத்தனையோ பிழைகள் நேரலாம் என்று சொன்னார்கள். அப்படியானால் நோய் வருவதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொண்டு காத்திருப்போம் என்று ஹில் முடிவு செய்தார். 1951 அக்டோபர் இறுதியில் பிரிட்டனின் மருத்துவர்கள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேருக்குக் கடிதம் போயிற்று. சில எளிய கேள்விகள் மட்டுமே: புகைக்கிறீர்களா, எவ்வளவு, விட்டுவிட்டீர்களா. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தத்தக்க விடை எழுதினார்கள். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவர்கள் எங்கே சென்றாலும் கண்டுபிடித்துவிடலாம். இறந்தால் காரணம் ஓரளவு சரியாகவே பதிவாகும். அதன் பிறகு செய்ய வேண்டியது, அவர்கள் இறப்பதற்காகக் காத்திருப்பது.

நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1954இல் முதல் அறிக்கை வந்தபோது 36 மருத்துவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அவர்களில் புகைக்காதவர் ஒருவரும் இல்லை. 1956இன் இரண்டாம் அறிக்கையில், ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு இறப்பு விகிதம் புகைக்காதவர்களிடையே 0.07 என்றும் மிகுதியாகப் புகைப்பவர்களிடையே 1.66 என்றும் காட்டப்பட்டது. இருபது மடங்குக்கும் மேல்.

இங்கேதான் ரொனால்டு ஃபிஷர் உள்ளே வருகிறார்.

இன்றைய புள்ளியியலின் பெரும்பகுதி ஃபிஷர் கட்டிய வீடு. பரிசோதனை என்றால் என்ன என்பதையே அவர்தான் வரையறுத்தார் எனலாம். எந்த வயல்துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் நாம் அறியாத வேறுபாடுகள் இருபுறமும் சமமாகப் பரவும் என்பது அவருடைய மகத்தான கருத்து. இதே கருத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹில். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 1948இல் வெளியான ஆய்வு அவருடையது. ஆக, ஹில் ஒருவகையில் ஃபிஷரின் மாணவர்.

1957, 1958ஆம் ஆண்டுகளில் ஃபிஷர் தொடர்ந்து கடிதங்களும் கட்டுரைகளும் எழுதினார். அவருடைய வாதம் இதுதான். யார் புகைக்க வேண்டும் என்பதை யாரும் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை, அவரவர் தேர்ந்துகொள்கிறார்கள். புகைக்கத் தூண்டும் ஒரு மரபுக்கூறு இருந்து, அதுவே புற்றுநோய்க்கும் வழி செய்தால்? அப்போது சிகரெட்டும் புற்றுநோயும் சேர்ந்தே காணப்படும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்காது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் புகைப்பழக்கத்தில் மற்ற இரட்டையரைவிட ஒத்திருப்பதை அவர் சான்றாகக் காட்டினார். நையாயிகர் ஒருவர் அவையில் இருந்திருந்தால் எழுந்து நின்று தலையசைத்திருப்பார். இது கலப்படமில்லாத உபாதி வாதம். இன்னொன்றும் சொன்னார்: 1950இன் தரவுகளின்படி, புகையை உள்ளிழுப்பதாகச் சொன்னவர்கள் புற்றுநோயாளிகளிடையே சற்றுக் குறைவு, அப்படியானால் உள்ளிழுப்பது நுரையீரலைக் காக்கிறதா என்று கேலியாகக் கேட்டார்.

ஃபிஷர் புகையிலை உற்பத்தியாளர்களின் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார், பைப் புகைத்தார். ஆகவே விலைபோய்விட்டார் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. வாழ்நாள் முழுதும் யாருடனாவது மல்லுக்கு நின்றவர் அவர். பணத்துக்காக வாதம் செய்ய வேண்டிய தேவை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தவிர, இந்த அளவுகோலை எடுத்தால் மறுபக்கமும் தப்பாது. டால் 2005இல் இறந்த பிறகு, அவர் மான்சான்டோ நிறுவனத்திடம் நெடுங்காலம் ஆலோசனைக் கட்டணம் பெற்றிருந்தது 2006இல் வெளிவந்தது. அதனால் சிகரெட் பற்றிய அவருடைய எண்கள் பொய்யாகிவிடுமா? வாதத்தை வாதமாகத்தான் எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோட்டவர் அமெரிக்காவின் ஜெரோம் கார்ன்ஃபீல்டு. 1959இல் அவரும் ஐந்து சக ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை உள்ளிழுத்தல் உட்பட ஒவ்வோர் எதிர்ப்புக்கும் பொறுமையாக விடை சொன்னது. அதில் உள்ள ஒரு கணக்கு அழகானது. புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இதற்குச் சிகரெட் காரணமில்லை, ஒரு மறைவான மரபுக்கூறுதான் காரணம் என்றால், அந்தக் கூறு புகைப்பவர்களிடையே, புகைக்காதவர்களைவிடக் குறைந்தது ஒன்பது மடங்கு பரவலாக இருந்தே ஆக வேண்டும். அவ்வளவு பரவலான ஒன்று இதுவரை யார் கண்ணிலும் படவில்லையா? உபாதி இருக்கலாம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும். ஈர விறகு என்று சொல்பவர் விறகைக் காட்டட்டும் என்பது போல. ஃபிஷர் அந்த விறகைக் காட்டவில்லை. 1962இல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஃபிஷரின் ஐயம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அதே ஐயத்தை விலைக்கு விற்றவர்கள் இருந்தார்கள். சிகரெட் தாரை எலிகளின் முதுகில் பூசி வைண்டரும் கிரஹாமும் கட்டிகளை உண்டாக்கிக் காட்டிய செய்தி 1953இல் பத்திரிகைகளில் வந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் கூடி ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டார்கள். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை வந்தது. மக்களின் உடல்நலமே எங்கள் முதற்கடமை, எங்கள் பொருள்கள் தீங்கானவை என்று நாங்கள் நம்பவில்லை, ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்ற பொருளில் அமைந்த அறிக்கை. அதன்படியே ஒரு ஆராய்ச்சிக் குழுவும் அமைத்தார்கள். அது நடத்திய ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி சிகரெட்டைச் சுற்றிவளைத்துத் தாண்டிச் சென்றது. 1969இன் ஒரு நிறுவன உள்குறிப்பு, தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. இந்தக் காகிதங்கள் வழக்குகளின் வழியாக 1990களில் வெளிவந்தன. அந்த நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006இல் தீர்ப்பளித்தார்.

அரசுகள் மெதுவாகவே அசைந்தன. 1954 பிப்ரவரியில் பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மக்ளவுட் செய்தியாளர்களைக் கூட்டி, தொடர்பு உண்மையானதாகத் தெரிகிறது என்று அறிவித்தபோது சிகரெட் புகைத்தபடியே பேசினார். புகையிலை வரி கருவூலத்துக்குப் பெருவருவாய். 1962இல் அரச மருத்துவர் கல்லூரியின் அறிக்கையும், 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரியின் அறிக்கையும் வந்தன. பின்னது ஒரு சனிக்கிழமை வெளியிடப்பட்டது, பங்குச்சந்தை கலங்கக் கூடாது என்பதற்காக. அதைத் தயாரித்த பத்துப் பேரில் பாதிப்பேர் புகைப்பவர்கள். எவரை நியமிக்கலாம் என்பதில் புகையிலை நிறுவனங்களுக்கும் மறுப்புரிமை தரப்பட்டிருந்தது. அப்படி இருந்தும் அறிக்கை தயங்கவில்லை. பெட்டியில் எச்சரிக்கை வாசகம், வானொலி தொலைக்காட்சி விளம்பரத் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1981இல் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா, தாங்கள் புகைக்காவிட்டாலும் புகைக்கும் கணவர்களோடு வாழும் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் மிகுதி என்று காட்டியதும், இது என் உடம்பு, என் விருப்பம் என்ற வாதமும் ஆட்டம் கண்டது.

ஹில் 1965இல் ஆற்றிய ஓர் உரையில், சேர்ந்து காணப்படும் இரண்டில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு ஒன்பது கோணங்களைத் தொகுத்தார். தொடர்பு எவ்வளவு வலியது, பலரும் பல இடங்களிலும் கண்டார்களா, காரணம் முன்னால் வருகிறதா, அளவு கூடினால் விளைவும் கூடுகிறதா என்று அது நீள்கிறது. இவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவரே எச்சரித்தார். அறிவியல் அறிவு எப்போதுமே முழுமையற்றது. அந்தக் குறையைக் காட்டி, இன்று கையில் உள்ள அறிவைப் புறக்கணிக்கும் உரிமை நமக்கு இல்லை என்பது அந்த உரையின் சாரம். ஃபிஷருக்கான விடையாகவும் அதைப் படிக்கலாம், அவருடைய பெயர் தேவைப்படாமலே.

டால், மருத்துவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்துவந்தார். ஐம்பது ஆண்டு முடிவுகள் 2004 ஜூன் 26 அன்று, முதல் அறிக்கை வந்த அதே தேதியில் வெளியாயின. ஆயுள் முழுதும் சிகரெட் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவருக்கு மூன்று ஆண்டும், ஐம்பதில் விட்டவருக்கு ஆறும், நாற்பதில் ஒன்பதும், முப்பதில் ஏறக்குறைய முழுப் பத்தும் திரும்பக் கிடைத்தன. கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு அப்போது வயது 91.

இந்தியாவில் 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் இங்கே புகையிலை யாரை, எந்த நோயால் கொல்கிறது என்பதற்கு லண்டனின் எண்கள் விடையாகாது. இங்கே பீடி உண்டு, வறுமை உண்டு, காசநோய் உண்டு. அந்த விடை சென்னையிலிருந்து வந்தது. வேந்தன் கஜலட்சுமி தலைமையில், டாலின் நெடுநாள் கூட்டாளியான ரிச்சர்டு பீட்டோவும் பங்குகொண்ட ஆய்வு அது; 2003இல் லான்செட்டில் வெளியானது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த ஆண்கள் 43,000 பேரின் வீடுகளுக்குச் சென்று, எப்படி இறந்தார், புகைத்தாரா என்று குடும்பத்தாரிடம் கேட்டார்கள். உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைத்தவர்களிடையே காசநோய் இறப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவில் புகைப்பழக்கத்துக்குப் பங்குண்டு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஏழைகள்தானே புகைக்கிறார்கள், ஏழைகளுக்குத்தானே காசநோய் என்று பழைய ஈர விறகை இங்கேயும் ஒருவர் எடுத்துப் போடக்கூடும். வயது, கல்வி, மெல்லும் புகையிலை ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் எண் சரியவில்லை.

பிராட்ஃபோர்டு ஹில், முதல் உலகப்போரில் விமானியாகச் சென்ற இடத்தில் காசநோய் கண்டு, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். மருத்துவம் படிக்கும் ஆசையைக் கைவிட்டு, அஞ்சல் வழியில் பொருளியல் படித்ததால்தான் புள்ளியியலுக்கு வந்தார். அவர் வகுத்த குலுக்கல் முறையில், காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் நிறுவிய ஆய்வு நடந்ததும் சென்னையில்தான். 1956இல் தொடங்கிய அந்த மையம் சேத்துப்பட்டில் வேறு பெயரில் இன்றும் இருக்கிறது. கஜலட்சுமியின் குழுவினர் ஏறி இறங்கிய வாசற்படிகளில் சில, அந்த மையத்தின் மருந்து ஒருகாலத்தில் சென்று சேர்ந்த வீடுகளுடையவையாகவும் இருந்திருக்கலாம்.